குப்பை எண்

டிடெக்டருக்கு வாங்கிய புதுக் 'காயில்' தட்டு வந்திருந்த அட்டைப்பெட்டியை லிஃப்ட்காரர் குளியலறைக்குள் வைத்துப் பிரித்தார். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. உலகத்தில் எத்தனையோ பேர் எத்தனையோ சாமான் வாங்குகிறார்கள். யாரும் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு பிரிப்பதில்லை, அவ்வளவுதான் வித்தியாசம்.

"உள்ள என்ன சத்தம்?" என்றாள் மனைவி கதவுக்கு வெளியிலிருந்து.

"ஒண்ணுமில்ல."

"ஒண்ணுமில்லாததுக்கு டேப் கிழியுமா?"

இனி மறைக்க முடியாது என்று ஆனபின் அவர் கதவைத் திறந்து, காயிலை மார்போடு அணைத்தபடி வெளியே வந்தார். சாப்பாட்டுத் தட்டை விடக் கொஞ்சம் பெரியது. கறுப்பு வட்டம், ஒரு பக்கத்திலிருந்து வால் மாதிரி வயர். நாணயம் தேடும் டிடெக்டரின் அடியில் மாட்டுவது. மண்ணுக்குள் கிடக்கும் உலோகத்தை உணர்வது இந்தத் தட்டுதான். மேலே இருக்கும் பெட்டி, கைப்பிடி, திரை, ஹெட்ஃபோன் எல்லாம் இது சொல்வதைக் கேட்டு மறுபடி சொல்கிற கூட்டம்.

"இருக்கிற தட்டுக்கு என்ன வந்தது?"

"அது சின்னது. இது இன்னும் ஆழமா போகும்."

"நீங்க ஏற்கெனவே போயிருக்கிற ஆழம் போதாதா?"

இதற்கு அவரிடம் நல்ல பதில் இருந்தது. ஆனால் அது கொஞ்சம் நீளம். அந்த வீட்டில் அவருடைய நீளமான பதில் எதுவும் முதல் வாக்கியத்தைத் தாண்டி உயிரோடு வந்ததில்லை. எனவே சிரித்து வைத்தார்.

வாரம் முழுக்க அவருக்கு அடுக்குமாடிகளில் வேலை. நடுவழியில் நின்ற லிஃப்டை நகர்த்துவது, கதவு மூடாத லிஃப்டை மூட வைப்பது, மாட்டிக்கொண்டவர்களிடம் வெளியிலிருந்து தைரியமான குரலில் பேசுவது. ஞாயிற்றுக்கிழமை ஆனால் டிடெக்டரைத் தோளில் போட்டுக்கொண்டு காலி மைதானங்களிலும் பழைய சந்தைத் திடல்களிலும் பூமியைத் தடவிக்கொண்டு நடப்பார். பச்சை பிடித்த செப்புக்காசு ஒன்று கிடைத்தால் அன்றைக்கு அவருக்கு ராஜ்யம் கிடைத்த மாதிரி. "வாரம் பூரா மேல கீழ, ஞாயித்துக்கிழமை ஆனா இன்னும் கீழ" என்பது அவருடைய ஜோக். அதைச் சொல்லும்போதெல்லாம் சிரிக்க ஒரே ஒரு ஆள் இருந்தான். மனைவியின் தம்பி. மண்வெட்டியைப் பிடித்துக்கொண்டு கூடவே வருவான். அத்தான் தடவுவார், மச்சான் தோண்டுவான். இரண்டு பேரும் சேர்ந்து எடுத்த ஆணிகளை உருக்கினால் ஒரு கப்பல் கட்டலாம்.

"யாரோட போகப் போறீங்க?" என்றாள் மனைவி.

"தனியாத்தான்."

அவள் கையிலிருந்த டம்ளர் ஏற்கெனவே துடைத்தது. அதையே இன்னொரு முறை துடைத்தாள்.

மச்சான் இப்போதெல்லாம் வருவதில்லை. ஒவ்வொரு சனிக்கிழமையும் அவனிடமிருந்து ஒரே செய்தி வரும்: அத்தான், முதுகு பிடிச்சிக்கிச்சு. கல்யாணம்கூட ஆகாத பையனுக்கு மாதக்கணக்கில் முதுகு பிடித்துக்கொண்டிருந்தது. பிடித்துக்கொண்டது முதுகு இல்லை என்பது இரண்டு பேருக்கும் தெரியும்.

நடந்தது இதுதான். மனைவிக்கு ஒரு அக்கா. அவளை எல்லோரும் பெரியக்கா என்பார்கள். அவளுடைய கணவர், அதாவது லிஃப்ட்காரருக்கு சகலை, சோபாக்கடை வைத்திருப்பவர். கடையில் உட்கார்ந்து உட்கார்ந்து அவரே மூன்று பேர் உட்காரும் சோபா மாதிரி ஆகியிருந்தார். அவர்கள் வீட்டுப் பின்னால் பெரிய தோட்டம். ஒரு ஞாயிற்றுக்கிழமை குடும்பமே கூடி அதில் பழைய பாத்திகளைக் கிளறிச் சுத்தம் செய்தது. கையுறை போடுவதற்காகப் பெரியக்கா மோதிரத்தைக் கழற்றினாள். செத்துப்போன அவர்கள் அம்மாவின் மோதிரம். அம்மா ஆயுசு முழுக்கப் போட்டுத் தேய்த்து நூல் மாதிரி ஆக்கிவிட்டுப் போனது. மத்தியானம் பார்த்தால் மோதிரம் இல்லை.

பெரியக்காவுக்கு ஞாபகசக்தி அதிகம். அதுதான் சிக்கல். மோதிரத்தை மேலங்கிப் பைக்குள் போட்டதும் அவளுக்குத் தெளிவாக ஞாபகம் இருந்தது. சமையலறை ஜன்னல் விளிம்பில் வைத்ததும் அதே தெளிவோடு ஞாபகம் இருந்தது. பைக்குள் போட்டிருந்தால் குனிந்தபோது தோட்டத்தில் விழுந்திருக்கும். ஜன்னலில் வைத்திருந்தால் யாரோ எடுத்திருக்க வேண்டும். அன்று காலை சமையலறைக்குள் போனவன் ஒருவன்தான். தண்ணீர் குடிக்கப் போன மச்சான். பள்ளிக்கூடக் காலத்தில் அப்பாவின் சைக்கிளை விற்றுவிட்டு "திருடு போயிடுச்சு" என்று கண்ணைக் கசக்கியவனும் அவன்தான். அதற்கப்புறம் அவன் வளர்ந்து, ஒழுங்காகத் தொழில் கற்று, கடைத்தெருவில் சொந்தமாக ஒரு சாவிக்கடை வைத்துவிட்டான். ஆனால் குடும்பத்துக்கு அந்த சைக்கிள் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது.

"நம்ம சகலைகிட்டதான் மிஷின் இருக்கே, தோட்டத்துல விழுந்திருந்தா சொல்லிடுமே" என்றார் சோபாக்கடைக்காரர்.

லிஃப்ட்காரர் டிடெக்டரை எடுத்துவந்தார். வாழ்க்கையில் முதல் முறையாகக் குடும்பமே அவருடைய பொழுதுபோக்கை மரியாதையாகப் பார்த்தது. அந்தப் பார்வை கொஞ்சம் தலைக்கு ஏறிவிட்டது என்று பிற்பாடு அவரே ஒப்புக்கொண்டார்.

டிடெக்டர் திரையில் ஒவ்வொரு உலோகத்துக்கும் ஒரு எண் வரும். இரும்பு ஆணி கீழே, நல்ல நாணயங்கள் மேலே. நடுவில் வருவது பெரும்பாலும் குளிர்பான டப்பாக்களின் வளையம், சாக்லேட் சுற்றிய தாள். டிடெக்டர் வைத்திருப்பவர்கள் அதற்குக் குப்பை எண் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். அந்தத் தோட்டத்தில் அதற்கு முன் குடியிருந்தவர்கள் விருந்துப் பிரியர்கள். தட்டை வைத்த இடமெல்லாம் குப்பை எண் பாடியது. மச்சான் தோண்டத் தோண்ட வளையம் வந்தது.

"அத்தான், இன்னொரு டப்பா வளையம் வந்துச்சுன்னா நான் அதையே மோதிரமா மாட்டிக்கிட்டு சந்நியாசம் போயிடுவேன்."

"போறதுக்கு முன்னாடி இங்க ஒரு குழி போட்டுட்டுப் போ."

"முதுகு போச்சு அத்தான்."

உள்ளிருந்து சாப்பிடக் கூப்பிட்டார்கள். வெயிலில் லிஃப்ட்காரருக்கும் தலை கிறுகிறுத்தது. அந்தக் கருவியில் ஒரு பொத்தான் உண்டு. வேண்டாத எண்களை அது மூடிவிடும். மூடிய எண்ணில் எது வந்தாலும் கருவி வாய் திறக்காது. அவர் அதை அழுத்தினார். தோட்டம் சட்டென்று அமைதியானது.

"அப்பாடா, குப்பை தீர்ந்துடுச்சு போல" என்று மச்சான் மண்வெட்டி மேல் சாய்ந்து சிரித்தான். அத்தான் என்ன செய்தார் என்று அவனுக்குத் தெரியாது. அவரும் சொல்லவில்லை. மீதித் தோட்டம் முழுவதையும் சத்தமே வராமல் பத்திரமாகத் தடவி முடித்துவிட்டு, கையை உதறிக்கொண்டு படியேறி, எல்லோரும் கேட்க ஒரு வார்த்தை சொன்னார்.

"இல்ல."

அவருடைய தொழிலில் அந்த வார்த்தை கிடையாது. ஒரு லிஃப்டை எவ்வளவு நேரம் பார்த்தாலும் 'பழுது இல்லை' என்று எழுதக்கூடாது. 'சோதித்தவரை பழுது தென்படவில்லை' என்றுதான் எழுத வேண்டும். வேலைக்குச் சேர்ந்த முதல் வாரமே அதைத் தலையில் அடித்துச் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். முன்பின் தெரியாதவர்களின் லிஃப்டுக்கு அவ்வளவு ஜாக்கிரதை. சொந்த மச்சானுக்கு ஒரே வார்த்தை.

தோட்டத்தில் இல்லை என்றால் ஜன்னல். ஜன்னல் என்றால் மச்சான். யாரும் இதை வாய்விட்டுச் சொல்லவில்லை. சாப்பாடு போட்டார்கள், சிரித்துப் பேசினார்கள். மறுவாரம் பெரியக்கா பின்கதவுப் பூட்டை மாற்றினாள். சாவிக்கடை வைத்திருக்கும் தம்பியை விட்டுவிட்டு, கடைத்தெருவின் மறுகோடியில் இருந்த வேறொரு பூட்டுக்காரரைக் கூப்பிட்டு மாற்றினாள். அந்தப் பூட்டுக்காரர் மச்சானிடம் வந்து, "உங்க அக்கா வீட்டு வேலை எனக்குக் குடுத்ததுக்கு தேங்க்ஸ் தம்பி" என்று உள்ளம் குளிர்ந்து சொல்லிவிட்டுப் போனார். அன்றுதான் முதுகு பிடித்துக்கொண்டது.

இதெல்லாம் நினைவுக்கு வரும்போதெல்லாம் லிஃப்ட்காரர் தனக்குத் தானே ஒரு சமாதானம் சொல்லிக்கொண்டார். பழைய தட்டு சின்னது. மோதிரம் ஆழத்தில் போயிருக்கலாம். கருவி போதவில்லை. பாவம் கருவியுடையது. இந்தச் சமாதானத்தை முழுசாக நம்புவதற்குத்தான் பெரிய தட்டையே வாங்கினார். நம்பிக்கைக்காக மனிதர்கள் இதைவிடப் பெரிய சாமான்களெல்லாம் வாங்குகிறார்கள்.

மனைவி தன் அக்காவிடம் புதுத் தட்டைப் பற்றிச் சொல்லியிருக்கிறாள். அடுத்த நாளே சகலையின் ஃபோன் வந்தது.

"புதுச் சாமான் வந்திருக்காமே சகலை. நம்ம தோட்டத்துலயே ஓட்டிப் பாருங்க. புல்லு வெட்டி மொட்டையா இருக்கு."

மறுக்க ஒரு காரணம் தேடினார். அவருக்கும் முதுகு பிடித்துக்கொள்ளலாம். ஆனால் குடும்பத்தில் அந்த வியாதி ஏற்கெனவே ஒருவருக்குக் கொடுக்கப்பட்டிருந்தது.

ஞாயிறு காலை போனார்கள். சகோதரிகள் இருவரும் சமையலறைக்குள் போனார்கள். சகலை தோட்டத்துப் பக்கம் நாற்காலி போட்டு உட்கார்ந்து, "நான் பாத்துக்கிட்டே இருக்கேன்" என்று சொல்லிவிட்டுக் கண்ணை மூடினார்.

லிஃப்ட்காரர் பழைய தட்டைக் கழற்றிப் பைக்குள் வைத்தார். புதியதை மாட்டி, திருகை இறுக்கி, வயரைத் தண்டில் சுற்றினார். புதுத் தட்டின் குரலைப் பழக வேண்டும் என்றால் முதல் நாள் எந்த எண்ணையும் மூடக்கூடாது. ஆணியோ, தாளோ, எது பேசினாலும் கேட்க வேண்டும். அப்போதுதான் அதன் சுபாவம் தெரியும். எல்லா எண்களையும் திறந்துவிட்டார். தோட்டம் சந்தையாகிவிட்டது.

பாத்திகளின் ஓரமாக மெதுவாக வந்தார். தட்டு கனத்தது, தோள்பட்டை ஒரு பக்கம் இறங்கியது. டப்பா வளையம். தாள். மறுபடி வளையம். ரோஜாப் பாத்தியின் கோடியில், தண்ணீர்க் குழாய்க்குப் பக்கத்தில், மீண்டும் அதே குப்பை எண். தாண்டிப் போகத்தான் கால் நகர்ந்தது. இன்றைக்கு எல்லாவற்றையும் தோண்டுவது என்று வந்திருந்ததால், அலுப்போடு மண்டியிட்டார்.

ஒரு விரல் ஆழம்கூட இல்லை. மண்வெட்டியின் முனை ஒரு கட்டியைப் புரட்டியது. கட்டியின் பக்கவாட்டில் மஞ்சளாக, பிறையாக, ஒரு மெல்லிய கோடு.

அவருக்கு முதலில் சந்தோஷம்தான் வந்தது. அது ஒரு மூச்சு நேரம் இருந்தது. அப்புறம் அவர் அந்தக் கட்டியைப் பார்த்தார். ஒரு விரல் ஆழம். ஆழத்துக்காக வாங்கிய தட்டு கீழே கிடந்து அவரையே பார்த்துக்கொண்டிருந்த மாதிரி இருந்தது.

மோதிரத்தை அவர் எடுக்கவில்லை. கட்டியைத் திருப்பி வைத்து, மண்ணைத் தள்ளி மூடினார். திரும்பிப் பார்த்தார். சகலையின் வாய் லேசாகத் திறந்திருந்தது. பையிலிருந்து பழைய தட்டை எடுத்தார். புதியதைக் கழற்றினார். திருகு இரண்டு தரம் கைநழுவியது. பழையதை மாட்டி, அந்த இடத்தின் மேல் கொண்டுபோனார். கருவி தெளிவாக, அழகாகப் பாடியது. திரையில் குப்பை எண்.

அந்தப் பொத்தானை அழுத்தினார். மறுபடி தட்டை வீசினார்.

சத்தம் இல்லை. இப்படியும் அப்படியும் வீசினார். தோட்டமே ஊமை மாதிரி இருந்தது. இது என்ன அமைதி என்று அவருக்குத் தெரியும். அன்றைக்கு இதே அமைதியைத்தான் படியேறிப் போய் ஒரு வார்த்தையாக மாற்றினார். தேய்ந்த தங்கமும் டப்பா வளையமும் கருவிக்கு ஒரே எண்தான் என்பது டிடெக்டர் பிடித்துப் பழகிய எவனுக்கும் தெரிந்த சங்கதி. அவருக்கும் தெரியும். மச்சானுக்குப் பாடம் எடுத்தவரே அவர்தான். "குப்பைன்னு ஒதுக்காத மச்சான், தங்கம் அதுக்குள்ளதான் ஒளிஞ்சிருக்கும்" என்று எத்தனையோ மைதானங்களில் ஞானியைப் போலச் சொல்லியிருக்கிறார். அன்றைக்கு ஞானிக்குப் பசித்துவிட்டது.

புதுத் தட்டை மறுபடி மாட்டினார். ஏன் மாட்டினார் என்று கேட்டால் அப்போது அவருக்கே பதில் தெரியாது. பிற்பாடு தெரிந்தது. கையில் புதுத் தட்டோடுதான் அவர் மற்றவர்கள் கண்ணில் பட விரும்பினார்.

"சகலை" என்று கூப்பிட்டார். சகலை கண்ணைத் திறக்கவில்லை. மறுபடி கூப்பிட்டார்.

அதன்பின் எல்லாம் வேகமாக நடந்தது. பெரியக்கா மோதிரத்தை வாங்கி, குழாயடியில் கழுவி, விரலில் போட்டுக்கொண்டு, போட்ட விரலை இன்னொரு கையால் மூடிக்கொண்டு அழுதாள். மனைவி தன் அக்காவின் தோளைப் பிடித்துக்கொண்டாள். சகலை ஊன்றி எழுந்து வந்து புதுத் தட்டைத் தட்டிக்கொடுத்தார், மாட்டைத் தட்டுவது மாதிரி.

"இதுக்குத்தான் நல்ல சாமான் வேணுங்கிறது. பழைய தட்டுக்கு அவ்வளவு ஆழம் எட்டல, என்ன சகலை?"

லிஃப்ட்காரர் தலையாட்டினார்.

அவ்வளவுதான். வாயால் ஒரு பொய்யும் சொல்லவில்லை. கழுத்து மட்டும் மேலும் கீழும் போனது. வாழ்நாள் முழுக்க மேலும் கீழும் போவதைப் பழுது பார்த்தவர்.

"மண்ணுக்குள்ள போயிட்டா யாரால என்ன பண்ண முடியும்" என்றாள் பெரியக்கா கண்ணைத் துடைத்தபடி. "அவனையும் சாயந்திரம் சாப்பிட வரச் சொல்லணும். பாத்து எவ்வளவு நாளாச்சு."

யாரும் அவனைக் குற்றம் சொல்லியிருக்கவில்லை, அதனால் யாரும் மன்னிப்புக் கேட்கவும் வேண்டியிருக்கவில்லை. பூமிமேல் பழி, சின்னத் தட்டின்மேல் பழி. குடும்பம் கழுவிவிட்ட மோதிரம் மாதிரி பளிச்சென்று இருந்தது. சகலை சமையலறைப் பக்கம் திரும்பி, "ஹீரோவுக்கு முதல்ல போடுங்க" என்றார். ஹீரோவுக்கு எதிலும் ருசி தெரியவில்லை. எல்லாவற்றையும் தின்றார், அதுதான் கொடுமை.

பஸ்ஸில் திரும்பும்போது மனைவி ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். டிடெக்டர் பை இருவருக்கும் நடுவில் மூன்றாவது ஆள் மாதிரி நின்றது.

"எவ்வளவு ஆழத்துல இருந்துச்சு?" என்றாள்.

"இருந்துச்சு கொஞ்சம்."

"கொஞ்சம்னா?"

அவர் இரண்டு கைகளையும் தூக்கினார். மீன் பிடித்தவர்கள் காட்டுவது மாதிரி அகட்டிக் காட்டத்தான் தூக்கினார். கைகள் அகலவில்லை. கடைசியில் ஆள்காட்டி விரலை மட்டும் நீட்டி, அதில் பாதியைக் கட்டைவிரலால் தொட்டுக் காட்டினார்.

அவள் அந்த விரலையே பார்த்தாள்.

"அவ்வளவுதானா? பழைய தட்டு முழங்கை ஆழம் கேக்கும்னு நீங்கதான வீடு பூரா சொல்லிட்டுத் திரிஞ்சீங்க?"

"கேக்கும்."

"அப்ப?"

அவர் சொன்னார். பொத்தானைப் பற்றி, பசியைப் பற்றி, குப்பை எண்ணைப் பற்றி. அவருடைய நீளமான பதில் ஒன்றை அவள் கடைசிவரை கேட்டது அன்றுதான். கேட்டு முடித்துவிட்டு, ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"என் தம்பிய நானே ஒரு நாள் கேட்டேன்" என்றாள் கண்ணாடியைப் பார்த்தபடி. "எடுத்திருந்தா சொல்லிடுடா, யாருக்கும் தெரியாம வெச்சிடலாம்னு கேட்டேன். உங்க பேச்ச நம்பி."

"எங்கிட்ட சொல்லவேயில்ல?"

"எந்த மூஞ்சிய வெச்சிக்கிட்டு சொல்றது?"

பஸ் குலுங்கியது. பை அவர் மேல் சாய்ந்தது. அவர் அதை நிமிர்த்தவில்லை.

"அவன் கடை இன்னிக்கு சாயந்திரம் வரைக்கும் திறந்திருக்கும்" என்றாள். அவர் எழுந்து மணியை அழுத்தினார். இறங்கும்போது, "தட்டக் குடுத்துட்டுப் போங்க, அதுவும் கூட வந்தா நீங்க அது பின்னாடி ஒளிஞ்சிக்குவீங்க" என்று பையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

மச்சானின் கடை இரண்டு பெரிய கடைகளுக்கு இடையில் செருகிய ஒரு ஆள் அகலச் சந்து. முன்னால் ஒரு மேசை, மேசையில் சாவி அரைக்கும் மிஷின், பின்சுவரில் வரிசை வரிசையாக வெற்றுச் சாவிகள். ஒரு டீச்சரம்மாவும் ஒரு கூரியர்க்காரரும் காத்துக்கொண்டிருந்தார்கள். மச்சான் மூக்கில் கண்ணாடி மாட்டிக்கொண்டு ஒரு சாவியை மிஷினில் கொடுத்திருந்தான். அது பல் மருத்துவமனைச் சத்தத்தில் கத்தியது.

"வாங்க அத்தான்" என்றான், நிமிராமல். "மோதிரம் கிடைச்சிடுச்சாமே. பெரியத்தான் ஃபோன் பண்ணாரு. பெரிய தட்டு போட்டு எடுத்தீங்களாம். சந்தோஷம்."

"மச்சான், அது தட்டுனால இல்ல."

"என்னது?"

"தட்டுனால இல்லடா."

"கேக்கல அத்தான், சத்தமா சொல்லுங்க."

மிஷின் கத்திக்கொண்டே இருந்தது. லிஃப்ட்காரர் மேசைமேல் குனிந்து, அடிவயிற்றிலிருந்து குரலை எடுத்தார். அவர் "அன்னிக்கு" என்று ஆரம்பிக்கும்போது மச்சான் மிஷினை நிறுத்தினான். நிறுத்தியதைக் குரல் கவனிக்கவில்லை.

"அன்னிக்கு நான் அந்த நம்பரை மூடிட்டேன். சோம்பேறித்தனத்துல மூடிட்டு, தோட்டத்துல இல்லன்னு எல்லார் முன்னாடியும் சொல்லிட்டேன். மோதிரம் அங்கயேதான் இருந்துச்சு. உன்னத் திருடனாக்கினது நான்தான்."

தெருவில் போன ஒருவர் நின்று பார்த்துவிட்டுப் போனார். டீச்சரம்மா தன் கைப்பையின் ஜிப்பை ஆராய ஆரம்பித்தார். மச்சான் கண்ணாடியைக் கழற்றினான். அவன் முகத்தில் கோபம் வரும் என்று லிஃப்ட்காரர் எதிர்பார்த்திருந்தார். கோபத்துக்குத் தயாராகத்தான் வந்திருந்தார். வந்தது அலுப்பு.

"குப்பை தீர்ந்துடுச்சுன்னு நான் சிரிச்சேனே, அப்பவா?"

"அப்பதான்."

'நீதான முதுகு போச்சுன்னு புலம்பின' என்ற வாக்கியம் லிஃப்ட்காரரின் தொண்டை வரை வந்தது. அதை அப்படியே விழுங்கினார். அன்று முழுக்க அவர் விழுங்கியதில் உருப்படியானது அது ஒன்றுதான்.

மச்சான் அரைத்த சாவியை ஊதி, பித்தளைப் பொடியைத் துடைத்தான். "இத எதுக்கு அத்தான் எங்கிட்ட சொல்றீங்க?"

"உங்கிட்ட சொல்லாம யார்கிட்ட சொல்றது?"

"நான் எடுக்கலன்னு எனக்குத்தான் முதல்லயே தெரியுமே."

சொல்லிவிட்டு அடுத்த சாவியை மிஷினில் மாட்டினான். "ரெண்டு போதுமா டீச்சர்?"

லிஃப்ட்காரர் சட்டைப்பையிலிருந்து ஃபோனை எடுத்தார். பெரியக்காவின் பெயரைக் கண்டுபிடிக்க அவருக்கு வழக்கத்தைவிட அதிக நேரம் பிடித்தது. கூப்பிட்டார்.

"என்ன தம்பி, வீடு போய்ச் சேந்தீங்களா?"

"இன்னும் இல்லக்கா. அந்த மோதிர விஷயம்."

"சொல்லுங்க, அதத்தான் பாத்துக்கிட்டே இருக்கேன், விரல விட்டுக் கழட்டவே மனசு வரல."

"தட்டு மேல தப்பில்லக்கா. பழைய தட்டுலயே கேட்டிருக்கும். ஒரு விரல் ஆழம்தான். நான்தான் அந்தச் சத்தத்த மூடி வெச்சிட்டுத் தேடினேன். தேடலன்னே வெச்சிக்கங்க."

அந்தப் பக்கம் தண்ணீர் ஓடும் சத்தம் கேட்டது. யாரோ குழாயை மூடினார்கள்.

"அப்ப அன்னிக்கே கிடைச்சிருக்கும்."

"கிடைச்சிருக்கும்."

"இப்ப எதுக்கு தம்பி அதெல்லாம்? மோதிரம்தான் வந்துடுச்சே. நாங்க அவன ஒரு வார்த்தை சொல்லலையே."

மேசைக்கு அந்தப் பக்கம் மச்சானின் கை மிஷின் மேல் இருந்தது. அது இன்னும் ஓடவில்லை.

"சொல்லலக்கா" என்றார் லிஃப்ட்காரர். பெரியக்காவிடம் அவர் இதுவரை சாம்பார் கொஞ்சம் போதும் என்றுகூட எதிர்த்துச் சொன்னதில்லை. "பூட்டு மாத்தினீங்க."

இணைப்பு போய்விட்டதோ என்று ஃபோனைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்தார். போகவில்லை. நொடிகள் ஓடிக்கொண்டிருந்தன.

"பக்கத்துல இருக்கானா?" என்றது ஒரு சின்னக் குரல். பெரியக்காவின் குரல் அவ்வளவு சின்னதாக ஆகும் என்று அவருக்குத் தெரியாது.

"இருக்கான்."

"குடுங்க அவன்கிட்ட."

அவர் ஃபோனை நீட்டினார். மச்சான் அதைப் பார்த்தான். பார்த்துவிட்டு, மிஷினை ஓட விட்டான். கடை முழுக்கக் கத்தல்.

"வேலையா இருக்கான்க்கா" என்று கத்தினார் லிஃப்ட்காரர்.

"இருக்கட்டும். நான் காத்துக்கிட்டிருக்கேன்" என்றாள் அவள். அது அவருக்குக் கேட்கவில்லை, ஆனால் இணைப்பு அறுபடவில்லை என்பதால் அப்படித்தான் சொல்லியிருப்பாள் என்று வைத்துக்கொண்டார். நீட்டிய கையை மடக்காமல் நின்றார். ஒரு சாவி அரைக்க அவ்வளவு நேரம் ஆகாது என்று அங்கே நின்ற எல்லோருக்கும் தெரிந்திருந்தது. டீச்சரம்மா தன் சாவியில் பல் ஏதாவது மிச்சம் இருக்குமா என்று கவலையோடு பார்த்தார்.

மிஷின் நின்றது. மச்சான் கையைத் துணியில் துடைத்தான், ஒவ்வொரு விரலாக. ஃபோனை வாங்கிக் காதில் வைத்தான். ஹலோ சொல்லவில்லை. கேட்டுக்கொண்டு நின்றான்.

"நீங்க கொஞ்சம் தள்ளி நில்லுங்க, அவரு பேசட்டும்" என்றார் டீச்சரம்மா, வகுப்பறைக் குரலில். லிஃப்ட்காரர் தள்ளி நின்றார். இன்னும் கொஞ்சம் தள்ளி, கடைக்கு வெளியே வெயிலுக்கே வந்துவிட்டார். அங்கிருந்து பேச்சு காதில் விழவில்லை. மச்சானின் இன்னொரு கை மட்டும் தெரிந்தது. அது மேசைமேல் சிந்தியிருந்த பித்தளைப் பொடியை விரலால் கூட்டிக் குவியலாக்கியது. அப்புறம் கலைத்தது. மறுபடி குவித்தது.

கூரியர்க்காரரும் வெளியே வந்து பக்கத்தில் நின்றார். நல்ல மனிதர், ஏதாவது ஆறுதல் சொல்லாமல் இருக்க முடியாத ஜாதி.

"மன்னிச்சிடுவாரு சார்" என்றார்.

"அவசரமில்ல" என்றார் லிஃப்ட்காரர். "அவனுக்கு எப்பத் தோணுதோ அப்ப மன்னிக்கட்டும்."